ட்யூனர் பெட்டிக்குக் காது கிடையாது

வண்டி விஷயத்தில் ஆர்வம் இல்லாதவர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம். நீளமான பதிவு. பாதி புலம்பல்.

பெங்களூரில் ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் ஹார்லி அயர்ன் 883 வாங்கினேன். வாங்கும்போது வண்டியில் ஒரு குறையும் கிடையாது. குறை என்னிடம்தான் இருந்தது, சத்தம் பத்தவில்லை என்று தோன்றிவிட்டது. ஒரு கடையில் கொடுத்து, உள்ளூரில் செய்த பெண்டு பைப்பும் (எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகை போகும் குழாய்) சைலன்சரும் மாட்டினேன். கூடவே காற்றைத் தாராளமாக உள்ளே விடும் ஏர் ஃபில்டர். "இப்பத்தானுங்க இது வண்டி" என்றார் கடைக்காரர். வீட்டில் வேறு மாதிரி சொன்னார்கள். அதை இங்கே எழுத முடியாது.

அவிநாசி ரோட்டில் வீட்டுக்குத் திரும்பும்போதே ஆரம்பித்துவிட்டது. த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டர்தான்) விட்டால் போதும், சைலன்சருக்குள் ஓலைவெடி கட்டைக் கொளுத்திப் போட்ட மாதிரி பட், பட்பட். ஐந்து பேரிடம் கேட்டேன். ஐந்து பேரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பதில்: "லீன் ஓடுது, ட்யூனர் போடுங்க."

லீன் என்றால் காற்று அதிகம், பெட்ரோல் கம்மி. ட்யூனர் என்றால் உள்ளங்கை அளவுக்குத் திரை வைத்த ஒரு பெட்டி. வண்டியின் பக்க மூடிக்குப் பின்னால் இருக்கும் சாக்கெட்டில் அதன் கேபிளைச் செருகினால் இசியூவோடு, அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரோடு பேசும். உள்ளே இருக்கும் ஒரிஜினல் மேப்பை (எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் குறிப்பு) முதலில் தனக்குள் பத்திரப்படுத்தும், பிறகு நாம் தேர்ந்தெடுக்கும் புது மேப்பை எழுதும். எழுதியதும் அந்த வண்டியின் சேஸிஸ் நம்பரோடு தன்னைப் பூட்டிக்கொள்ளும். அதாவது கல்யாணம் ஆன மாதிரி, அடுத்த வண்டிக்கு ஆகாது. விலையைச் சொல்ல மாட்டேன். வீட்டில் இந்தப் பதிவைப் படிப்பார்கள்.

அப்பாவின் புல்லட்டுக்கு ட்யூனிங் பார்த்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சிங்காநல்லூரில் அப்போது ஓலைக்கொட்டகைப் பட்டறை. அந்த அண்ணன் எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, சின்ன ஸ்க்ரூ டிரைவரை கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவில் வைத்து மெல்லத் திருப்புவார். கண் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். ஐடிலிங் ஏறிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிற்கும், அதைத் தாண்டினால் இறங்கும். இறங்கிய இடத்திலிருந்து கால் சுற்று பின்னால் வந்து நிறுத்துவார். அவ்வளவுதான். கையால் மாற்றினார், காதால் அளந்தார். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது. நான் வாங்கிய பெட்டியில் முதல் பாதி மட்டும்தான் இருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதிலாக வந்த ஃபியூல் இன்ஜெக்ஷன், எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கினால்தான் மேலே சொல்ல முடியும். இந்த வண்டியில் எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதை யாரும் நேரடியாக அளப்பதில்லை. ஆர்பிஎம் என்ன, இன்டேக்கில் அழுத்தம் என்ன, காற்றின் சூடு என்ன என்று பார்த்து இசியூ ஒரு கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்குக்கு ஆதாரம் கட்டம் கட்டமாக எழுதி வைத்த ஓர் அட்டவணை. இந்த ஆர்பிஎம்மில், இந்த அழுத்தத்தில், எஞ்சின் இத்தனை சதவீதம் மூச்சு இழுக்கும் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். முன் சிலிண்டருக்குத் தனி அட்டவணை, பின் சிலிண்டருக்குத் தனி. அதை வைத்துத்தான் இன்ஜெக்டரை எத்தனை மில்லி செகண்ட் திறப்பது என்று முடிவாகிறது. ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றினால் எஞ்சின் இழுக்கும் மூச்சு மாறும், ஆனால் அட்டவணையில் பழைய எண்தான் இருக்கும். ட்யூனர் அதைத் திருத்த உதவும். இதுவரைக்கும் ஐந்து பேரும் சொன்னது நியாயம்தான்.

சீராக ஓட்டும்போது இன்னொரு ஏற்பாடும் உண்டு. பெண்டு பைப்பில் திருகியிருக்கும் ஓ2 சென்சார். சுத்தமான பெட்ரோல் என்றால் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று (எடைக் கணக்கில்). அந்தப் புள்ளிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் சென்சார் சொல்லும். வோல்டேஜ் 0.45-க்கு மேல் போனால் ரிச் (பெட்ரோல் அதிகம்), கீழே வந்தால் லீன். எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று கேட்டால் அதற்குத் தெரியாது. அதைக் கேட்டு இசியூ பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். முழுசாக முறுக்கும்போது இந்தப் பேச்சுவார்த்தை கிடையாது, அட்டவணை சொன்னதுதான் சட்டம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி. பெட்டியில் மேப் பட்டியல் நீளமாக இருந்தது. இன்ன ஃபில்டர், இன்ன சைலன்சர் என்று அமெரிக்கப் பெயர்களாக வரிசை கட்டி நின்றன. என் உள்ளூர் சைலன்சர் அதில் எப்படி இருக்கும்? பார்க்க ஒரே மாதிரி இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். (மாப்பிள்ளை பார்க்கும்போது 'நம்ம ஊர்ப் பக்கம்தான்' என்று சொல்வார்களே, அந்த அளவுக்குப் பொருத்தம்.) எழுதும்போது பேட்டரி இறங்கினால் இசியூ செங்கல்லாகிவிடும் என்று படித்திருந்ததால், ஹெட்லைட் ஃபியூஸைக் கழற்றி வைத்துவிட்டு, சாவி மேல் கை படாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி நின்றேன். கோடு நகர்ந்து நகர்ந்து முடிந்தது. ஸ்டார்ட் செய்தேன். சத்தம் அருமை. முகநூலில் வீடியோ போட்டேன், உங்களில் சிலர் லைக் போட்டீர்கள்.

மறுநாள் வால்பாறை. ஆழியாறு தாண்டி ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முறுக்கியபோது, டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல எஞ்சினுக்குள் ஒரு சத்தம். நாக்கிங், அதாவது பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் தானே வெடிப்பது. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவதில், லோம்ஸ் வியூ பாயின்ட்டில் நிறுத்திவிட்டேன். குரங்குகள் என் பையைப் பார்த்தன, நான் எஞ்சினைப் பார்த்தேன்.

காரணம் பிறகு புரிந்தது, இது பலருக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். அமெரிக்க மேப்புகள் பெரும்பாலும் அங்கே கிடைக்கும் 91 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) பெட்ரோலை நம்பி எழுதப்பட்டவை. நம் பங்கிலும் அப்போது சாதா பெட்ரோல் 91 தானே என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் 91 வேறு, நம் 91 வேறு. ஆக்டேனை அளக்க ரான், மான் என்று இரண்டு முறை உண்டு. நாம் சொல்வது ரான் கணக்கு. அவர்கள் ரான், மான் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிச் சொல்கிறார்கள். அவர்களுடைய 91 நம் கணக்கில் ஏறக்குறைய 95, 96. அந்த பெட்ரோலுக்காக முன்கூட்டியே தீப்பொறி விடும்படி எழுதிய டைமிங்கை அப்போதைய நம் சாதா பெட்ரோலில் ஓட்டினால் தட்டத்தான் செய்யும். பெட்ரோல் அளவை மட்டும்தான் மாற்றுகிறோம் என்று நினைத்திருந்தேன், மேப்போடு இக்னிஷன் டைமிங்கும் சேர்ந்தே மாறியிருந்தது.

எத்தனால் சங்கதி வேறு. இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அதற்குச் சரியான விகிதம் 14.7 கிடையாது, ஏறக்குறைய 13.5. ஓ2 சென்சார் பேச்சுவார்த்தை நடக்கும் இடத்தில் இசியூ தானே சமாளித்துக்கொள்ளும். முழு த்ராட்டிலில் சமாளிக்க ஆள் இல்லை, அட்டவணை நினைத்ததைவிட லீனாகத்தான் ஓடும்.

இதற்கிடையில் மைலேஜ் 19-லிருந்து 14-க்கு வந்தது. 12.5 லிட்டர் டேங்க். எங்கே போனாலும் பங்க் எங்கே என்று தேடவேண்டிய நிலை. சட்டையில் பெட்ரோல் வாடை. வெடிச் சத்தமோ அப்படியே இருந்தது! லீன் என்று சொல்லித்தானே பெட்ரோலைக் கூட்டினோம்? கூட்டியும் வெடிக்கிறதே? இந்தக் கேள்வியை அந்த ஐந்து பேரில் ஒருவரிடம் கேட்டேன். "இன்னும் அஞ்சு பர்சென்ட் ஏத்துங்க" என்றார். ஏற்றினேன். அந்த அளவுக்குப் புத்தி.

கடைசியில் அதே சிங்காநல்லூர் அண்ணனிடம் போனேன். வயது எழுபதை நெருங்குகிறது. பட்டறையில் இப்போது எக்ஸ்எல்லும் ஆக்டிவாவும்தான் நிற்கும். "இந்த வண்டிய நான் தொட்டதே இல்லீங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டே பிளக் ஸ்பானரை எடுத்தார். இரண்டு பிளக்கையும் கழற்றித் துணியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். பின் சிலிண்டர் பிளக் கொஞ்சம் கறுத்திருந்தது. முன் சிலிண்டர் பிளக் அடுப்புக்கரி. விரலை வைத்தால் ஒட்டிக்கொண்டு வந்தது.

"ரெண்டுக்கும் ஒரே பெட்ரோல், ஒரே கம்ப்யூட்டர்தானுங்க?"

"ஆமாங்ணா."

"அப்புறம் எதுக்கு இது மட்டும் இப்படிக் கரியாகுது?"

ஒரு மாதம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. எஞ்சின் ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஈரத்துணியைச் சுருட்டி ஒரு சைலன்சர் வாயை அவர் பொத்தினார், இன்னொன்றை நான். சில விநாடிதான். முன் சிலிண்டர் தலையில் பெண்டு பைப் சேரும் இடத்தில் 'புஸ்ஸ்' என்று கேட்டது. நட்டைக் கழற்றிப் பார்த்தால், சைலன்சர் மாற்றியபோது பழைய பேக்கிங்கையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். நசுங்கி, ஒரு பக்கம் பிய்ந்து, ஓரமெல்லாம் கரி வழிந்த தடம்.

அப்புறம் எல்லாம் வரிசையாகப் பிடிபட்டது. அந்த ஓட்டை வழியாகப் புகை வெளியே போவது மட்டுமல்ல, அழுத்தம் இறங்கும் நேரத்தில் வெளிக்காற்றும் உள்ளே வரும். த்ராட்டிலை விட்டதும் எரியாமல் வந்த மிச்சப் பெட்ரோல் அந்தக் காற்றோடு சூடான பைப்புக்குள் சேர்ந்தால் பட்பட். ஓட்டைக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் ஓ2 சென்சாரோ, 'காற்று ஜாஸ்தி, லீன்' என்று பொய்த்தகவல் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இசியூ அதை நம்பி முன் சிலிண்டருக்குப் பெட்ரோலை ஊற்றியிருக்கிறது. போதாததற்கு நான் வேறு பெட்டியை வைத்து மேலே ஊற்றியிருக்கிறேன். வண்டி லீனே கிடையாது. அது மூழ்கிக்கொண்டிருந்தது.

புது பேக்கிங் இரண்டு போட்டு, பெட்டியிலிருந்த ஒரிஜினல் மேப்பைத் திரும்ப ஏற்றினோம். வெடிச் சத்தம் நின்றது. அண்ணன் கூலி இருநூறு ரூபாய். பெட்டி என்ன விலை என்று கேட்டார். பாதி விலைதான் சொன்னேன். அதற்கே, "அந்தக் காசுக்கு நல்ல எக்ஸ்எல் ஒண்ணு புடிச்சிருக்கலாமேங்க" என்றார்.

பெட்டியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒரிஜினல் மேப்பைப் பத்திரமாக வைத்திருந்ததே அதுதான். சென்சார் எண்களையும் நேர்மையாகக் காட்டியது, படிக்கத் தெரியாதவன் நான். என் கோபம், அளக்காமலே மேப் ஏற்றிக்கொடுக்கும் பழக்கத்தின் மேல். சுகர் டெஸ்ட் எடுக்காமல் இன்சுலின் போட்டுவிடுவீர்களா? சைலன்சர் மாட்டும் எந்தக் கடையிலும் "அடுத்து ட்யூனர்" என்று சொல்ல ஆள் இருக்கிறது, "முதலில் லீக் பார்த்துவிடலாம்" என்று சொல்ல ஆள் இல்லை. லீக் பார்ப்பதில் லாபம் கிடையாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சட்டம் என்று ஒன்று இருப்பதையும் மறைக்கக் கூடாது. இந்த ட்யூனர்கள் பிறந்த ஊரிலேயே 2016 ஆகஸ்டில் ஹார்லி நிறுவனம், 'சூப்பர் ட்யூனர்' என்று விற்ற பெட்டிகளுக்காக அமெரிக்க அரசோடு 1.2 கோடி டாலர் அபராதத்துக்கு உடன்பட்டது. ஏறக்குறைய 3,40,000 பெட்டிகள். ரேஸுக்கு மட்டும் என்று சொல்லி விற்றதாக நிறுவனம் சொன்னது, ரோட்டில் ஓடும் வண்டிகளில் புகையைக் கூட்டுகிறது என்றது சுற்றுச்சூழல் முகமை. மிச்சமிருந்த பெட்டிகளைத் திரும்ப வாங்கி அழிக்கவேண்டி வந்தது. நம்மூரில் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றாதே என்கிறது. சத்தமான சைலன்சரோடு நான் இதை எழுதுவது எவ்வளவு அழகு என்று எனக்கே தெரிகிறது. ஒரிஜினல் சைலன்சர் மாடியில் சாக்கில் கட்டி இருக்கிறது. பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்திருப்பதால் சீக்கிரம் இறங்கி வரும்.

பிற்பாடு முறையாக டைனோவில் (வண்டியை உருளை மேல் ஓடவிட்டு அளக்கும் மெஷின்) ஏற்றி, வைட்பேண்ட் சென்சார் செருகி ஒரு முறை பார்த்தேன். ஆர்வம்தான், வேறென்ன. அந்தச் சென்சார் ரிச்சா லீனா என்பதோடு நிற்காது, எவ்வளவு என்றும் சொல்லும். ட்யூன் செய்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "14.7, 13.5 எல்லாத்தையும் மறந்துருங்கண்ணா, எத்தனால் கலந்தா அந்த நம்பர் மாறிட்டே இருக்கும். லாம்டாவ மட்டும் பாருங்க. ஒண்ணுன்னா எந்த எரிபொருளுக்கும் அதான் சரியான கலவை" என்றான். சீராக ஓட்டும் கட்டங்களில் அவன் கையே வைக்கவில்லை. முழு த்ராட்டிலில் லாம்டா 0.88 பக்கம், அதாவது கொஞ்சம் ரிச்சாகக் கொண்டுவந்தான், டைமிங்கை நம் பெட்ரோலுக்குத் தகுந்தபடி கொஞ்சம் பின்னுக்கு இழுத்தான். ஒவ்வொரு முறை எண்ணை மாற்றிய பிறகும் உருளை மேல் வண்டியை ஓடவிட்டு, கோட்டைப் பார்த்து, தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டான். தலையைச் சாய்த்த விதம் எங்கேயோ பார்த்தது மாதிரி இருந்தது.

வீடியோ போட்ட நாளிலிருந்து இன்பாக்ஸில் "அண்ணா உங்க மேப் அனுப்புங்க" என்று கேட்கும் தம்பிகளுக்கு: அனுப்ப மாட்டேன். அது என் சைலன்சருக்கும் என் ஃபில்டருக்கும் எழுதியது, உங்கள் வண்டி இழுக்கும் மூச்சு வேறு. பேக்கிங் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள், கடைக்கு வழி சொல்கிறேன். வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள்.