9-க்கு 0 என்று சிரித்தவர்களுக்கு

இரண்டு நாளாக எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தப் படத்தை இன்று காலையும் மூன்று பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள், 'இதுக்கு என்ன சொல்றீங்க?' என்ற கேள்வியோடு. எந்தப் படம் என்று உங்களுக்கே தெரியும். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வின் 2022 இறுதிச் சுற்று, ஐந்தாவது ஆட்டத்தின் ஸ்கோர் அட்டவணை. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் ஸ்டெஃபன் கர்ரி பெயருக்கு நேரே சிவப்பு வட்டம். த்ரீ பாயிண்டர், அதாவது தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடுகிற 3 பாயிண்ட் ஷாட், 9-க்கு 0: ஒன்பது போட்டு ஒன்றும் விழவில்லை. மேலே ஒரு வரி: 'இவர் இல்லாமலேயே ஜெயிக்கிற டீம்.' கீழே வரிசையாகச் சிரிப்பு.

வட்டம் போட்டவர் ஆட்டம் தெரியாதவர் இல்லை. அவரோடு எத்தனை இரவு விடிய விடியப் பேசியிருக்கிறேன். தெரியாதவர் போட்டிருந்தால் கடந்து போயிருப்பேன்.

முதலில் எண்கள். எதையும் மறுக்கவில்லை. அன்று கர்ரி 22 ஷாட் போட்டார், 7 விழுந்தன, மொத்தம் 16 பாயிண்ட். தொடர்ந்து 233 ஆட்டங்களில் ஒரு த்ரீயாவது போட்டுவந்த மனிதர் அன்று ஒன்றுகூடப் போடவில்லை. வாரியர்ஸ் 104-94 என்று பாஸ்டனை ஜெயித்தது. அதே டீமின் ஆண்ட்ரூ விக்கின்ஸ் 26 பாயிண்ட் எடுத்தார். எல்லாம் உண்மை.

அதே அட்டவணையில் விக்கின்ஸ் வரியையும் கொஞ்சம் பாருங்கள். அவரும் த்ரீயில் 6-க்கு 0. அவர் போட்ட 12 கூடையும் கோட்டுக்கு உள்ளேயிருந்து வந்தவை. வெளியிலிருந்து ஒன்றுகூட விழாத ஒருவர் உள்ளே புகுந்து புகுந்து 12 கூடை போடுகிறார் என்றால், உள்ளே அவருக்கு இடம் இருந்திருக்கிறது. அந்த இடம் எங்கிருந்து வந்தது? உதவிக்கு ஓடிவர வேண்டிய ஆள் ஏன் வரவில்லை? மூன்று நாள் முன்புதான் பாஸ்டன் மண்ணிலேயே 43 பாயிண்ட் எடுத்த ஒருவர் அந்தப் பக்கம் நிற்கிறார். அவரை விட்டு ஓரடி நகர எந்த டிஃபென்டருக்குத் துணிச்சல் வரும்? ஷாட் விழுகிறதா இல்லையா என்பது அன்றைய கை. ஆனால் விழும் என்ற பயம் முந்தைய ஆட்டத்தோடு முடிந்துபோவதில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. ஒரு கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவர், தன் டீமின் தாக்குதலுக்கு என்ன செய்கிறார் என்று தெரிய வேண்டுமா, அவரைப் பார்க்காதீர்கள். மற்ற நால்வரைப் பாருங்கள். அவர்களுக்கு எவ்வளவு சுலபமான ஷாட் கிடைக்கிறது என்று பாருங்கள்.

வாரியர்ஸ் ஆட்டத்தில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு காட்சியைச் சொல்கிறேன். கர்ரி பந்தைச் சக வீரர் டிரேமண்ட் கிரீனிடம் கொடுக்கிறார். கொடுத்துவிட்டு நிற்பதில்லை, ஓடிப்போய் இன்னொரு சக வீரரின் டிஃபென்டருக்குக் குறுக்கே ஸ்கிரீன் போடுகிறார், அதாவது வழியை மறித்து நிற்கிறார். போட்ட கையோடு த்ரீ பாயிண்ட் கோட்டை நோக்கித் திரும்புவது போல ஒரு அசைவு. அவ்வளவுதான், இரண்டு டிஃபென்டர்களும் அவர் பின்னால். சக வீரர் தனியாக வளையத்தடிக்குப் போகிறார், கிரீன் பந்தை அங்கே போடுகிறார், லே-அப். இப்போது அட்டவணையைத் திறங்கள். லே-அப் போட்டவருக்கு 2 பாயிண்ட். கூடைக்கு வழிவகுத்த பாஸுக்காகக் கிரீனுக்கு ஒரு அசிஸ்ட். கர்ரிக்கு? ஒன்றுமில்லை. அந்தக் கூடையின் காரணகர்த்தா அவர், அவர் பெயருக்கு நேரே வெறும் வெள்ளைத் தாள்.

வழக்கமான ஸ்கிரீனிலும், அதாவது கிரீன் கர்ரிக்காகப் போடுகிற ஸ்கிரீனிலும், இதே கதைதான். த்ரீ பாயிண்ட் கோடு, கார்னர் தவிர, வளையத்திலிருந்து 23 அடி 9 அங்குலம். இவரை அதற்கும் பல அடி வெளியிலேயே இரண்டு பேர் வந்து மடக்குகிறார்கள். பந்து கிரீனுக்குப் போகிறது. இப்போது நாலு பேருக்கு எதிரே மூன்று பேர்தான். கிரீன் கார்னருக்குத் தள்ளுகிறார், கார்னரில் நிற்பவர் நிதானமாகப் போடுகிறார். 3 பாயிண்ட் ஒருவருக்கு, அசிஸ்ட் இன்னொருவருக்கு. இரண்டு பேரை இழுத்து வெளியே நிறுத்திய ஆள் கணக்கில் இல்லை.

நான் கற்பனையாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்களுக்கு 2019 இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டம். எதிர் டீம் டொராண்டோ, ஆட்டமும் அவர்கள் ஊரில். வாரியர்ஸின் இன்னொரு நட்சத்திரம் கெவின் டுரான்ட் காயம். கிளே தாம்சனும் கடைசிக் கால்பகுதியில் காயத்தோடு வெளியேறிவிட்டார். டொராண்டோ கோச் நிக் நர்ஸ் என்ன செய்தார்? 'பாக்ஸ் அண்ட் ஒன்'. நால்வர் சதுரமாக நின்று வளையத்தைக் காக்க, ஐந்தாவது ஆள் கர்ரியை நிழல் போலத் துரத்துவது. பள்ளிக்கூட ஆட்டங்களில் போடுகிற உபாயம் அது. உலகத்தின் பெரிய மேடையில், சாம்பியன் டீமுக்கு எதிராக, ஒரே ஒரு ஆளுக்காக அதை எடுத்து வெளியே வைத்தார்கள்.

அது வேலை செய்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மறைத்தேன் என்பீர்கள். அதன் பிறகு வெகுநேரம் வாரியர்ஸுக்குக் கூடையே விழவில்லை. கடைசி வினாடிகளில் வாரியர்ஸ் 106-104 என்று முன்னிலை. கர்ரியை இரண்டு பேர் மடக்குகிறார்கள். அவர் பந்தைத் தூக்கி எறிகிறார், டொராண்டோவின் கவாய் லெனர்ட் கையில் சிக்கியிருக்க வேண்டியது, தப்பிச் சக வீரர் ஷான் லிவிங்ஸ்டனிடம் போகிறது. லிவிங்ஸ்டன் இன்னொரு வாரியர்ஸ் வீரர் ஆண்ட்ரே இகோடாலாவுக்கு. இகோடாலாவைச் சுற்றி ஆளே இல்லை. த்ரீ. 109-104, ஆட்டம் முடிந்தது. அட்டவணைப்படி இகோடாலாவுக்கு 3 பாயிண்ட், லிவிங்ஸ்டனுக்கு அசிஸ்ட். இறுதிச் சுற்று ஆட்டத்தின் கடைசி வினாடிகளில் ஒருவர் அப்படித் தனியாக நிற்கிறார் என்றால், அது தானாக நடக்கிற காரியமா?

'அப்போ பாயிண்டே வேண்டாமா, ஓடிக்கொண்டே இருந்தால் போதுமா?' என்று ஒருவர் கேட்பார். அப்படி நான் எங்கே சொன்னேன்? 402 த்ரீ போட்டதால்தான் 2015-16-இல் அந்தப் பயம் முளைத்தது. அந்த சீசனில் ஆட்டத்துக்கு 30.1 பாயிண்ட், 73 வெற்றி, ஒரு ஓட்டுகூடச் சிதறாமல் எம்விபி, அதாவது லீகின் மிகச் சிறந்த வீரர் விருது. 2025 மார்ச்சில் 4,000 த்ரீ தாண்டிய முதல் மனிதர். பாயிண்ட் என்பது முதலீடு. அந்த முதலீட்டில் மற்ற நால்வர் சாப்பிடுகிறார்கள். நீங்கள் முதலீட்டை மட்டும் எண்ணுகிறீர்கள், விளைச்சல் வேறு ஆட்கள் பெயரில் இருக்கிறது என்பதைப் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள்.

இதற்கு அவருடைய இரண்டு சீசன்களே போதும். 2020-21-இல் ஆட்டத்துக்கு 32 பாயிண்ட் எடுத்து லீகிலேயே முதலிடம். டீம் 39 வெற்றி, 33 தோல்வி, நாக்-அவுட் சுற்றுகளான பிளே-ஆஃபுக்குக்கூடப் போகவில்லை. அடுத்த சீசன் 25.5 பாயிண்ட், த்ரீ விகிதம் 38 சதவீதம், முழு சீசன் ஆடியதிலேயே அவருக்கு மட்டமான விகிதம் அதுதான். டீம் 53 ஆட்டம் ஜெயித்து சாம்பியன். பாயிண்டை மட்டும் எண்ணினால், முதல் வருடம்தான் அவர் டீமுக்கு அதிகம் செய்தார் என்று ஆகிறது. இரண்டாவது வருடம் தாம்சன் பாதியில் திரும்பி வந்தார், ஜோர்டன் பூல் வளர்ந்தார், விக்கின்ஸ் நிமிர்ந்தார், ஒப்புக்கொள்கிறேன். இவர் திறந்துவிடுகிற இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். இடத்தைத் திறந்துவிட்டது யார் என்பது அதனால் மாறிவிடாது.

'எல்லாம் கோச் ஸ்டீவ் கெர்ரின் சிஸ்டம்' என்பது அடுத்தது. கெர்ருக்குரிய மரியாதையை நான் குறைக்கவில்லை. அவர் வருவதற்கு முந்தைய வருடம் 51 வெற்றி, அவர் வந்த முதல் வருடமே, ஏறக்குறைய அதே ஆட்களோடு, 67. ஆனால் அதே கெர், அதே சிஸ்டம், 2019-20-இல் கர்ரி கை முறிந்து ஐந்தே ஆட்டம் ஆடிய சீசனில் 15 வெற்றி, 50 தோல்வி. லீகிலேயே கடைசி. சிஸ்டம் அன்றைக்கு எங்கே போயிருந்தது?

இங்கே நியாயமான ஒரு ஆட்சேபம் உண்டு, அதை நானே சொல்கிறேன். அந்த வருடம் தாம்சனும் இல்லை, டுரான்டும் இகோடாலாவும் போய்விட்டார்கள். 15-50 முழுவதையும் கர்ரி இல்லாத கணக்கில் எழுத முடியாது. அவர் களத்தில் இருக்கும்போது 100 பொசெஷனுக்கு (டீமிடம் பந்து வருகிற 100 தடவைக்கு) எத்தனை பாயிண்ட், பெஞ்சில் இருக்கும்போது எத்தனை என்று பார்க்கிற கணக்கிலும் இதே சிக்கல் இருக்கிறது. கர்ரி களத்தில் இறங்கும்போது பெரும்பாலும் கிரீனும் கூடவே இறங்குகிறார். யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது கடினம். ஒரு ஆட்டத்தின் பிளஸ்-மைனஸை, அதாவது ஒருவர் களத்தில் இருந்தபோது டீம் எடுத்த, விட்டுக்கொடுத்த பாயிண்ட் வித்தியாசத்தை, வைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கும் ஒத்துப்போகாது. பல சீசன் சேர்த்துப் பார்க்க வேண்டும், கூட ஆடியவர் யார், எதிரே நின்றவர் யார் என்று பார்க்க வேண்டும்.

சரி, ஆட்கள் மாறாத ஒரு சந்தர்ப்பம் சொல்லட்டுமா? 2025 மே, மினசோட்டாவுடன் பிளே-ஆஃப் இரண்டாம் சுற்று. முதல் ஆட்டத்தின் இரண்டாவது கால்பகுதியில் கர்ரிக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. 13 நிமிடம்தான் ஆடினார். அந்த ஆட்டத்தை எப்படியோ 99-88 என்று ஜெயித்தார்கள். அதன் பிறகு டீமின் இன்னொரு நட்சத்திரம் ஜிம்மி பட்லர் இருந்தார், கிரீன் இருந்தார், கெர் இருந்தார். வரிசையாக நாலு தோல்வி, கதை முடிந்தது. மினசோட்டா நல்ல டிஃபென்ஸ் என்பீர்கள். ஆமாம், நல்ல டிஃபென்ஸ்தான். அந்த நல்ல டிஃபென்ஸ் நாலு ஆட்டமும் வளையத்தடியில் நெருக்கிக்கொண்டு நின்றது, வெளியே போய்க் காக்க வேண்டிய ஆள் இல்லாததால். 'இவர் இல்லாமலேயே ஜெயிக்கிற டீம்' அந்த நாலு ஆட்டத்தில் என்ன ஆனது என்று ஒரு சிவப்பு வட்டம் போடுங்களேன்.

'கோப்பையெல்லாம் டுரான்டால் வந்தது' என்று பேச்சை எடுப்பவர்களுக்குப் பதில் சொல்லச் சொல்ல எனக்கு அலுத்துவிட்டது. அவர் வருவதற்கு முன்னும் கோப்பை வந்தது, போன பின்னும் வந்தது.

'நீ ரசிகன், அப்படித்தான் பேசுவாய்.' ரசிகன்தான். அதற்காக 2016 இறுதிச் சுற்றில் தோற்ற ஏழாவது ஆட்டத்தை மறந்துவிடவில்லை. 19-க்கு 6, த்ரீயில் 14-க்கு 4, கடைசி நிமிடங்களில் முதுகுக்குப் பின்னால் கொடுத்த பாஸ் நேராக வெளியே போனது. அந்தப் பாஸை இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. அவரிடம் குறையே இல்லை என்று நான் சொன்னால் என்னைக் கேளுங்கள்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று வீட்டிலும் கேட்டார்கள். அதற்குப் பதில் கர்ரியிடம் இல்லை.

நான் காலேஜ் டீமில் பாயிண்ட் கார்டு. இரண்டு வருடம் எனக்குக் கூடைகள் சுலபமாக விழுந்தன. பந்தைத் தட்டிக்கொண்டு இடது பக்கமாக உள்ளே போனால் வழி திறந்தே இருக்கும். என் வேகம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இடது கார்னரில் ஒருவன் நிற்பான். அதிகம் பேச மாட்டான். ஆட்டத்துக்கு ஐந்தாறு பாயிண்ட் எடுத்தால் பெரிது, ஏனென்றால் நான் அவனுக்குப் பந்து கொடுப்பதே குறைவு. ஆனால் பிராக்டிஸில் அவன் கை எல்லாருக்கும் தெரியும், எதிர் டீம்களுக்கும் தெரியும். அவனைக் காக்கிறவன் ஒருநாளும் கார்னரை விட்டு அசைந்ததில்லை.

எங்கள் கோச் நீள நோட்டு ஒன்று வைத்திருப்பார். ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே கூடைக்கு ஒரு கோடு. வருடக் கடைசியில் அந்த நோட்டைப் பார்த்து அவனை எடுத்துவிட்டார். 'கோடே இல்லையே' என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சிறந்த வீரர் கப் எனக்கு.

அடுத்த டோர்னமென்டில் முதல் ஆட்டம். அதே இடது பக்கம், அதே வேகம். உள்ளே போனால் ஒருவன் குறுக்கே நிற்கிறான். கார்னரில் நின்றிருக்க வேண்டியவன், ஒரு கால் வளையத்தடிப் பெயிண்டுக்குள் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறான். முதல் தடவை பிளாக். இரண்டாவது தடவை அவன் மேல் மோதி சார்ஜ் ஃபவுல். மூன்றாவது தடவை பாதி வழியில் பந்தை நிறுத்திவிட்டு இடது கார்னரைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே வேறொருவன் கையை விரித்துக்கொண்டு நின்றான், அவனுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. யாரும் அவனை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. முதல் சுற்றிலேயே வெளியேறினோம்.

என் பெயருக்கு நேரே இரண்டு வருடம் விழுந்த கோடுகளில் பாதி அவனுடையவை. அது புரிய எனக்கு அந்த மூன்று தடவை தேவைப்பட்டது. புரிந்த பிறகும் கோச்சிடம் போய்ச் சொல்லவில்லை. கேப்டன் நான், சொல்லியிருக்கலாம்.

அதனால்தான் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த நோட்டு கண் முன்னால் வந்தது. கர்ரிக்கு நாலு மோதிரம் இருக்கிறது, 2022 இறுதிச் சுற்று எம்விபி அவர்தான், நம் சிரிப்பு அவரை எட்டாது. நோட்டில் கோடு இல்லாமல் வெளியே போனவனுக்கு ஒன்றுமே இல்லை. அதன் பிறகு அவன் பந்தைத் தொடவேயில்லை என்று கேள்விப்பட்டேன்.

வட்டம் போட்ட நண்பருக்கு: உங்கள் மேல் பகை இல்லை. அந்த ஐந்தாவது ஆட்டத்தை ஒருமுறை பந்தைப் பார்க்காமல் பாருங்கள். கர்ரியின் 30-ஆம் நம்பரை யார் யார் பார்க்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். விக்கின்ஸ் உள்ளே புகுகிற ஒவ்வொரு தடவையும் வீடியோவை நிறுத்தி, உதவிக்கு வர வேண்டியவன் எங்கே நிற்கிறான் என்று எண்ணுங்கள். எண்ணி முடித்த பிறகும் அந்த வரி சரி என்று தோன்றினால் அப்படியே வைத்திருங்கள், நான் இனி கேட்க மாட்டேன்.

இடது கார்னரில் நின்றவனிடம் இதையெல்லாம் நான் இதுவரை சொன்னதில்லை. அவன் முகநூலில் இல்லை. நம்பர் இருக்கிறது. இதைப் போட்டுவிட்டு அவனைக் கூப்பிடப் போகிறேன்.