எதைப் படிப்பது என்று நான்தான் முடிவு செய்வேன்

முந்தாநாள் இங்கே நடந்த விவாதத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய செய்தி ஒன்றின் படம் புதுச் செய்தி போலச் சுற்றிக்கொண்டிருந்தது. "இது பழசு. நீங்கள் நம்பும் செய்தித்தளங்களை செய்தியோடை வழியாக நேரடியாகப் பின்தொடருங்கள், இந்தக் குழப்பமே வராது" என்று எழுதினேன். (செய்தியோடை என்றால் ஃபீட், ஒரு தளத்தில் புதிதாக வருவதன் பட்டியல்.) அதற்கு வந்த பதில்: "அதெல்லாம் செத்துப்போன தொழில்நுட்பம். எனக்கு வேண்டிய செய்தி தானாக என்னைத் தேடி வரும்." அந்தப் பதிலுக்குச் சிரிப்புக்குறிகள் குவிந்தன. சிரித்தவர்களில் நான் மதிக்கிற சிலரும் இருந்தார்கள். அதுதான் இன்னமும் உறுத்துகிறது.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். சமூக வலைத்தளத்தில் உங்களைத் தேடி வருவது உங்களுக்கு வேண்டிய செய்தி இல்லை. உங்களை இன்னும் கொஞ்ச நேரம் திரையில் பிடித்து வைக்கக்கூடிய செய்தி. சில நாள் இரண்டும் ஒன்றாக அமையலாம், பல நாள் அமையாது. எதைப் படிப்பது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். நான் அன்றைக்குச் சொன்னது அவ்வளவுதான்.

செய்தியோடையில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. ஒரு தளத்தில் புதிதாக ஏதாவது வெளியானால் அதன் தலைப்பு, இணைப்பு, தேதி, சுருக்கம் எல்லாம் ஒரு சின்னக் கோப்பில் போய்ச் சேரும். உங்கள் ரீடர், அதாவது ஓடைகளைப் படித்துக் காட்டும் செயலி, அந்தக் கோப்பை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதிதாக வந்ததை வரிசையாகக் காட்டும். எது மேலே, எது கீழே, எதை மறைப்பது என்று நடுவில் யாரும் முடிவு செய்வதில்லை. தலைப்புக்குப் பக்கத்திலேயே தேதி நிற்கும். முந்தாநாள் அத்தனை பேரும் தேடாமல் விட்ட அதே தேதி.

தொடங்குவதும் சுலபம். உலாவியிலேயே படிக்க ஃபீட்லி, இனோரீடர் இருக்கின்றன, இரண்டிலும் இலவசக் கணக்கு உண்டு. ஐபோன், மேக் வைத்திருப்பவர்களுக்கு நெட்நியூஸ்வயர். ஆண்ட்ராய்டில் ஃபீடர் என்ற செயலி, கணக்குகூடத் திறக்க வேண்டாம். தண்டர்பேர்டில் மின்னஞ்சல் பார்ப்பவர்கள் அதிலேயே ஓடைகளையும் படிக்கலாம். ஏதாவது ஒன்றைத் திறந்து, நீங்கள் படிக்கிற தளத்தின் முகவரியை அப்படியே ஒட்டுங்கள். பெரும்பாலான தளங்கள் தங்கள் ஓடை எங்கே இருக்கிறது என்பதைப் பக்கத்தின் நிரலுக்குள் எழுதியே வைத்திருக்கும், ரீடர் அதைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். கிடைக்கவில்லை என்றால் ஆரஞ்சு நிறச் சதுரத்தில் ஒரு புள்ளியும் இரண்டு வளைவுகளுமாக ஒரு சின்னம் இருக்கிறதா என்று தேடுங்கள். வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு, feed என்று ஆங்கிலத்தில் சேர்த்துப் பாருங்கள், அநேகமாகக் கிடைத்துவிடும். யூடியூப் சேனல்களுக்கும் ஓடை உண்டு. ஓடைகளில் ஆர்எஸ்எஸ் (RSS), ஆட்டம் (Atom) என்று இரண்டு வடிவங்கள் கண்ணில் படும். எது எதுவென்று நீங்கள் கவலைப்பட வேண்டாம், ரீடர் பார்த்துக்கொள்ளும்.

ஒன்றே ஒன்று: முதல் நாளே கண்டதையெல்லாம் சேர்க்காதீர்கள். பெரிய செய்தித்தளத்தின் மொத்த ஓடையைச் சேர்த்தால் மறுநாள் காலையில் படிக்காதவை நூற்றுக்கணக்கில் நிற்கும், பார்த்ததும் மூடிவிடத் தோன்றும். அறிவியல், விளையாட்டு, உலகம் என்று பல தளங்கள் தனித்தனி ஓடை தருகின்றன. உங்களுக்கு வேண்டிய பிரிவை மட்டும் எடுங்கள். ஒரு வாரம் திறந்தே பார்க்காத ஓடையைத் தயங்காமல் நீக்குங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

என் அப்பாவுக்கு இப்படித்தான் அமைத்துக் கொடுத்தேன். செய்தி பார்க்கலாம் என்று ஃபோனை எடுப்பவர், அரை மணி நேரம் கழித்து யாரோ இரண்டு பேர் கத்திக்கொள்ளும் காணொளியில் போய் நிற்பார், முகம் சிவந்திருக்கும். இப்போது டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். படிக்காத தலைப்பு தடித்த எழுத்தில் இருக்கும், தொட்டுத் திறந்தால் வெளிறிப்போகும். ஒவ்வொன்றாக வெளிறிக்கொண்டே போய், கடைசியில் பட்டியல் காலி. முதல் தடவை காலியானபோது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "என்னப்பா, முடிஞ்சுபோச்சு?" என்று கேட்டார். ஆமாம்ப்பா, இன்னிக்கு உள்ளது அவ்வளவுதான் என்றேன். செய்திக்கு ஒரு முடிவு உண்டு என்பதையே நாமெல்லாம் மறந்துவிட்டோம்.

செத்துப்போன தொழில்நுட்பம் என்றவர்களுக்கு: ஆர்எஸ்எஸ் 1999-இல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் பிறந்தது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் சென்னை ஐஐடியில் படித்த ராமநாதன் குஹா. 2005-இல் வந்த கூகுள் ரீடரை 2013 ஜூலை 1 அன்று மூடினார்கள். ஒரு நிறுவனம் தன் கடையைச் சாத்தியது, ஓடைகள் சாகவில்லை. தங்கள் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி, வேறு ரீடரில் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள் மக்கள். ஓபிஎம்எல் என்ற அந்தக் கோப்பு இன்றும் அதே வேலையைச் செய்கிறது. ஃபயர்பாக்ஸ் உலாவி 2018-இல் ஓடை வசதியை எடுத்துவிட்டது உண்மைதான், அதற்கு வருத்தப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் தினமும் பாட்காஸ்ட் கேட்கிறீர்களே, ஒவ்வொரு புது அத்தியாயமும் உங்கள் செயலிக்கு எப்படி வருகிறது என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் இதே ஆர்எஸ்எஸ் வழியாகத்தான்.

"நீயே தேர்ந்தெடுத்தால் உனக்குப் பிடித்ததை மட்டும்தானே படிப்பாய்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி போலத் தெரியும். எனக்கு ஒத்துவராத கருத்துள்ள தளங்களையும் என் பட்டியலில் வைத்திருக்கிறேன், நிதானமான நேரத்தில் முழுதாகப் படிக்கிறேன். உங்களுக்கு எதிர்க்கருத்து எப்படி வருகிறது? அதில் படுமோசமான ஒரு வரியைக் கிள்ளி, கோபப்படுவதற்காகவே முன்னால் வைக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு இரு தரப்பும் தெரியும் என்கிறீர்கள். தெரியாது.

சில தளங்கள் ஓடையில் இரண்டு வரி மட்டும் தருகின்றன, சில தருவதே இல்லை என்பதும் சரி. இருக்கிற இடத்திலாவது பயன்படுத்துவோம். உடனடிச் செய்தி கொஞ்சம் தாமதமாக வரும் என்கிறீர்கள். வரட்டும்.

எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. ஒரு நண்பர் தன் சொந்தத் தளத்தில் பறவைகளைப் பற்றித் தொடர் எழுதிவந்தார். வாராவாரம் எழுதி, இணைப்பைச் சமூக வலைத்தளத்திலும் போடுவார். அவர் தளம் என் ரீடரில் இருந்ததால் ஒன்றுவிடாமல் படித்தேன். எங்கள் இருவருக்கும் பொதுவான நண்பர்கள் என்னிடம், "அவர் ஏன் இப்பெல்லாம் எழுதுறதே இல்லை?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் அவரைப் பின்தொடர்பவர்கள். ஒருவருக்குக்கூட அவர் பதிவு காட்டப்படவில்லை. அவரோ, தெரிந்தவர்களே படிப்பதில்லை, எழுதி என்ன பயன் என்று தொடரைப் பாதியில் விட்டுவிட்டார். படிக்க ஆசைப்பட்டவர்களும் இருந்தார்கள், எழுத ஆசைப்பட்டவரும் இருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, இது வேண்டாம் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். இதைப் பார்த்த பிறகும் "எனக்கு வேண்டியது தானாக வரும்" என்று யாராவது சொன்னால் என்னால் சிரிக்க முடியவில்லை.

தொடங்க நினைப்பவர்கள் எந்த ஃபோன், எந்தெந்தத் தளங்கள் என்று உள்பெட்டியில் எழுதுங்கள். ஓடை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன், நேரமானாலும் பதில் வரும். முந்தாநாள் சிரித்தவர்களும் கேட்கலாம்.