மொட்டை மாடி வேட்டை

(பாம்பன், தெற்குவாடிக்குப் போகிற வழியில் ஒரு மளிகைக் கடை. கடைக்கு மேலே மொட்டை மாடி. முனியசாமியின் கழுத்தில் புது பைனாகுலர் தொங்குகிறது. மைத்துனன் காளிதாஸ் டீ கிளாஸோடு ஏறி வருகிறான். விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். தனுஷ்கோடியில் பூநாரை கணக்கெடுக்க வருகிறவர்களுக்குப் பை தூக்கியதில், பைனாகுலர் பற்றி நாலு விஷயம் தெரியும். நாற்பது பேசுவான்.)

காளிதாஸ்: என்ன மச்சான், கழுத்தில் புதுசா?

முனியசாமி: வேட்டைக்கு, மாப்ள.

காளிதாஸ்: மெதுவாப் பேசுங்க! 1972-லேயே சட்டம் வந்தாச்சு. முயலைத் தொட்டாலும் கேஸ். மயில் என்றால் கேட்கவே வேண்டாம். இங்கே கடல் அட்டைக்கே உள்ளே போனவன் இருக்கிறான்.

முனியசாமி: நான் எதையும் சுடப் போவதில்லை. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தாலே அது பாதி செத்துவிடும்.

காளிதாஸ்: அப்படி என்ன மிருகம்?

முனியசாமி: அப்புறம் சொல்கிறேன். முதலில் இதைப் பார். ராமேஸ்வரத்தில் ஒரு கடையில் 1,800 ரூபாய். பிடிக்காவிட்டால் நாளைக்குள் திருப்பித் தரலாம். 90×90! தொண்ணூறு மடங்கு!

காளிதாஸ்: கடையில் பள்ளிக்கூடத்து ஸ்கேல் இருக்குமே, எடுங்க. இரண்டாவது நம்பர் முன் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். 90 என்றால் 9 சென்டிமீட்டர் இருக்கணும். (அளக்கிறான்) மூன்றரை. மீதி 55 மில்லிமீட்டரை வழியில் யாரோ தின்றுவிட்டார்கள். உங்க கடை எடைக்கல்லே பரவாயில்லை.

முனியசாமி: எடைக்கல்லை ஏன் இழுக்கிறாய்? முதல் நம்பர்?

காளிதாஸ்: அதுவும் புளுகு. நிஜமாகவே 90 மடங்கு என்றால் கை நடுக்கமும் 90 மடங்கு தெரியும். பத்துக்கு மேல் போனாலே ஸ்டாண்டு வைக்கணும்.

முனியசாமி: எனக்குக் கை நடுங்காது.

காளிதாஸ்: மாசக் கடைசியில் மொத்த வியாபாரி வரும்போது பார்த்திருக்கிறேன்.

முனியசாமி: சரி விடு. கண்ணாடி சிவப்பாக மின்னுகிறதே, அதைப் பார். அந்த அழகுக்குத்தான் வாங்கினேன்.

காளிதாஸ்: வில்லங்கமே அதில்தான். சிவப்பு வெளிச்சத்தை வெளியே திருப்பி அடிப்பதால்தான் மின்னுது. உள்ளே வருவதில் சிவப்பு குறைந்துபோகும். கடலில் நிற்கிற அந்தக் கடைசி வல்லம் என்ன நிறம்?

முனியசாமி: (பார்க்கிறார்) ஊறிப்போன புளி நிறம்.

காளிதாஸ்: கண்ணாலே பாருங்க.

முனியசாமி: அட, நல்ல சிவப்பு!

காளிதாஸ்: இப்போ கையை நீட்டிப் பிடித்து, கண் வைக்கிற பக்கத்தை வானத்துக்கு எதிரே பாருங்க. சின்ன வெளிச்சப் பொட்டு தெரியும். உருண்டையா?

முனியசாமி: நாலு ஓரமும் நறுக்கின மாதிரி இருக்கு.

காளிதாஸ்: உள்ளே இருக்கிற முப்பட்டகம் மட்ட ரகம். பாக்-4 என்கிற நல்ல ரகக் கண்ணாடி என்றால் பொட்டு முழு உருண்டையாகத் தெரியும். மச்சான், நீங்க 8×42 வாங்குங்க. 800 மீட்டர் தள்ளி நிற்பவன் 100 மீட்டரில் நிற்கிற மாதிரி. 42-ஐ எட்டால் வகுத்தால் அஞ்சே கால் வரும். கண்ணுக்குள் விழுகிற வெளிச்சத்தின் அகலம் அது. வெளிநாட்டில் மான் வேட்டைக்குப் போகிறவர்களும் 8×42, 10×42 என்றுதான் தூக்குகிறார்கள். மான் விடியலிலும் அந்தியிலும்தானே மேய வரும், அந்த மங்கலில் வெளிச்சம் வேணுமே.

முனியசாமி: என் மிருகமும் விடிவதற்குள் கரையேறிவிடும்.

காளிதாஸ்: அப்போ இதேதான். நீங்க மூக்குக் கண்ணாடி போட்ட ஆள். கண்ணை 15 மில்லிமீட்டராவது தள்ளி வைத்துப் பார்க்க முடிகிறதா என்று கேட்டு வாங்கணும், ரப்பர் வளையத்தை மடக்கிக்கணும். உப்புக்காற்றுக்கு நைட்ரஜன் அடைத்தது நல்லது, உள்ளே பனி படியாது. எவ்வளவு வைத்திருக்கீங்க?

முனியசாமி: 5,000.

காளிதாஸ்: அதற்கு பழைய மாடல், தோள் விரிந்த போரோ கிடைக்கும். அந்தக் காசுக்கு அதில்தான் படம் சுத்தமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் தண்ணீர் தாங்காது. நைட்ரஜன் அடைத்தது வேணுமென்றால் இன்னும் மூணு, மூன்றரை போடணும். போடுங்க மச்சான், முகம் பளிச்சென்று தெரியும். இப்பவாவது சொல்லுங்க, என்ன மிருகம்?

முனியசாமி: கடன்காரன்.

(காளிதாஸுக்கு டீ புரையேறுகிறது.)

முனியசாமி: ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் அரிசி, பருப்பு, பீடி எல்லாம் என் கடை நோட்டில். தடை முடிந்து படகு போய் மீனோடு வருகிறது. வருகிறவன் இந்த வழியாக வந்தால்தானே? நங்கூரம் போட்டதும் சின்ன வத்தைப் படகில் ஏறி, அந்தத் தென்னந்தோப்பு ஓரமாக இறங்கிப் போய்விடுகிறான்.

காளிதாஸ்: மச்சான்… யோசித்தால் இந்தச் சிவப்புக் கண்ணாடியும் மோசமில்லை.

முனியசாமி: புளி நிறம் தெரிகிறதே?

காளிதாஸ்: கண்ணுக்குக் குளிர்ச்சி. வயசானவருக்கு வெளிச்சம் அதிகம் ஆகாது.

முனியசாமி: பொட்டு நறுக்கி இருக்கிறதே?

காளிதாஸ்: சும்மா பொழுதுபோக்குக்கு பொட்டு எப்படி இருந்தால் என்ன?

முனியசாமி: கை நடுக்கம்?

காளிதாஸ்: உங்களுக்குத்தான் நடுங்காதே! திருப்பிக் கொடுக்காதீங்க. 1,800-க்கு இது லாபம்.

முனியசாமி: உண்மைதான் மாப்ள. இந்த மங்கல் கண்ணாடியிலேயே இன்று காலை ஒருத்தன் மாட்டினான். முண்டாசு கட்டியிருந்தான், முகம் தெரியவில்லை. நடை மட்டும் தெரிந்தது. இடது செருப்பை இழுத்து இழுத்து, அப்படியே உங்க அப்பா நடை.

காளிதாஸ்: அவர் போய்ச் சேர்ந்து வருஷமாச்சே.

முனியசாமி: அதான் குழப்பம். முகத்தையும் பார்த்துவிட்டால் தீர்ந்துபோகும் என்று, எது வாங்கலாம் என உன்னையே கூப்பிட்டுக் கேட்டேன். இன்னும் எவ்வளவு போடணும் என்றாய்?

காளிதாஸ்: மூணு… மூன்றரை.

முனியசாமி: நோட்டில் உன் பக்கத்தில் 3,400 இருக்கு. நூறு ரூபாய் நான் போட்டுக்கொள்கிறேன்.

காளிதாஸ்: மச்சான், கீழே அக்கா கூப்பிடுகிற மாதிரி இருக்கு…

முனியசாமி: அக்கா மண்டபம் போயிருக்கிறாள். உட்கார். பின்பக்கப் படியில் நாயைக் கட்டியிருக்கு.