லோக்கல் என்றால் அவ்வளவு கேவலமா?

என் பெண் படிக்கும் பள்ளியின் விழாவில் கை தட்டினவர்களைத்தான் கேட்கிறேன். மேடையில் பேசின விருந்தாளியை விடுங்கள், அவர் சால்வையை வாங்கிக்கொண்டு மலை இறங்கிப் போய்விட்டார். "பி ஸ்மார்ட், டோன்ட் பி லோக்கல்" என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னதும் சிரித்துச் சிரித்துக் கை தட்டினீர்களே, நீங்களெல்லாம் எந்த ஊர்? லண்டனா? குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி. அத்தனை பேரும் லோக்கல். முன்வரிசையில் யூனிபார்மோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் லோக்கல். அந்த ஹாலில் லோக்கல் இல்லாத ஒரே ஆள் மைக்கைப் பிடித்திருந்தவர்தான்.

எந்த விழா, யார் என்றெல்லாம் மறுபடி எழுதப் போவதில்லை. வீடியோதான் எல்லா குரூப்பிலும் சுற்றிவிட்டதே.

நான் டாக்ஸி ஓட்டுகிறவன். அந்த வார்த்தைதான் எனக்குச் சோறு போடுகிறது. எங்கள் ஸ்டாண்டு ரேட் போர்டில் முதல் வரியே 'லோக்கல் சைட்சீயிங்'. சிம்ஸ் பார்க், லாம்ஸ் ராக், டால்பின்ஸ் நோஸ் என்றால் லோக்கல். கோயம்புத்தூர் ஏர்போர்ட் என்றால் அவுட்ஸ்டேஷன். இந்த இடத்தைச் சேர்ந்தது, பக்கத்தில் இருப்பது, அவ்வளவுதான் அர்த்தம். லத்தீனில் 'லோக்கஸ்' என்றால் இடம், வேர் அதுதான். பல் பிடுங்கப் போனால் டாக்டர் "லோக்கல் போட்டாப் போதும்" என்கிறார். அந்த இடம் மட்டும் மரத்துப்போகும் என்று பொருள், உங்கள் பல் மட்டமான பல் என்று பொருளில்லை. இங்கிலீஷ்காரன் தன் வீட்டுப் பக்கத்து பப்பையே செல்லமாக 'தி லோக்கல்' என்கிறான். மலர்க் கண்காட்சிக்குக் கலெக்டர் லோக்கல் ஹாலிடே விட்டபோது, அது லோக்கல், எங்களுக்கு வேண்டாம் என்று யாராவது ஆபீஸ் போனீர்களா?

அப்புறம் எப்படி இது வசவானது? ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறவனுக்குத் தெரியும். "அண்ணா, பிரேக் பேடு ஒரிஜினல் போடவா, லோக்கல் போடவா?" என்று மெக்கானிக் கேட்பான். அங்கே லோக்கல் என்றால் கம்பெனி முத்திரை இல்லாதது, விலை குறைவு, மேட்டுப்பாளையம் ரோட்டில் பர்லியார் இறக்கத்தில் நம்ப முடியாதது. சாமானுக்குச் சொன்னதைத் தூக்கி மனுஷனுக்கு மாட்டிவிட்டார்கள் என்பது என் கணக்கு. லோக்கலா பேசாதே. லோக்கல் டேஸ்ட். லோக்கல் பசங்க. மட்டம், மலிவு, அநாகரிகம் என்று தமிழில் நேராகச் சொல்ல வாய் கூசுகிறது. லோக்கல் என்று சொன்னால் கூசவில்லை.

இதே ஆட்கள்தான் ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி கேட்டு நிற்பார்கள். நாட்டுக்கோழிக்கு பிராய்லரைவிட விலை அதிகம், கொடுப்பார்கள். நாட்டு மருந்து, நாட்டுச் சர்க்கரை எல்லாம் உசத்தி. அதே உள்ளூர்த்தனத்தை இங்கிலீஷில் சொன்னால் உடனே இளக்காரம். இன்னொன்றும் சொல்கிறேன். கேத்தி பள்ளத்தாக்கில் நம் ஆட்கள் குனிந்து நிமிர்ந்து விளைவிக்கும் கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் முட்டைக்கோஸுக்கும் இன்னும் 'இங்கிலீஷ் காய்' என்றுதான் பெயர். இந்த மண்ணில் விளைகிற காய் இங்கிலீஷ், இந்த மண்ணில் வளர்கிற பிள்ளை லோக்கல். நல்ல நியாயம்.

சீசனில் வண்டி ஏறும் குடும்பங்கள் முதலில் கேட்பதே, "டிரைவர் அண்ணா, நல்ல லோக்கல் சாப்பாடு எங்க கிடைக்கும்?" படுகர் வீட்டு அவரைக் குழம்பு வேண்டும், லோக்கல் டீத்தூள் வேண்டும், லோக்கல் தேன் வேண்டும். சரி என்று கூட்டிப் போவேன். அதே வண்டியில், அதே வாய், "கண்ணாடியை ஏத்துங்கண்ணா, லோக்கல் பசங்க நிக்கிறாங்க" என்றும் சொல்லும். அங்கே நின்றது பள்ளி விட்டு மினிபஸ்ஸுக்குக் காத்திருந்த பிள்ளைகள். வாங்கித் தின்னும்போது லோக்கல் இனிக்கும், பக்கத்தில் வந்து நின்றால் மட்டும் நாறுமோ?

லோக்கல் ஆவதற்கு ஆள் ஏங்குகிற இடமும் உண்டு, கல்லட்டி. 36 கொண்டை ஊசி வளைவு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு அந்த வழியாக வெளியூர் வண்டி இறங்கக் கூடாது. அந்தச் செங்குத்து இறக்கத்தில் பழக்கமில்லாதவர்கள் பிரேக்கையே மிதித்து மிதித்துச் சூடாக்கி, கடைசியில் அது பிடிக்காமல் போய் உயிர் விட்டிருக்கிறார்கள். எங்கள் நீலகிரிப் பதிவு டிஎன் 43 வண்டி போகலாம். அப்போது பார்க்க வேண்டும், "நீங்க லோக்கல்தானே, உங்க வண்டியிலயே கூட்டிட்டுப் போயிடுங்க" என்று எவ்வளவு மரியாதை! 2024 மே 7 முதல் மலை ஏறுகிற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்தபோதும் இதே கதைதான். 2025 சீசனில் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று கோர்ட் வரம்பு வைத்ததும், எங்கெங்கோ இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லாம் "உன் அட்ரஸில் லோக்கல் பாஸ் எடுக்க முடியுமா" என்று போன் போட்டார்கள். சோதனைச் சாவடியில் லோக்கல் உசத்தி, பள்ளி மேடையில் கேவலம்.

"அவர் ஒழுக்கத்தைத்தான் சொன்னார், நீங்கள் வளைக்கிறீர்கள்" என்று, இதைப் பற்றி நான் முன்னே எழுதினதைப் பார்த்துவிட்டு ஒருவர் இன்பாக்ஸில் வந்தார். ஒழுக்கம் என்றால் ஒழுக்கம் என்று சொல்லலாமே? அதற்குத் தமிழிலும் சொல் இருக்கிறது, இங்கிலீஷிலும் இருக்கிறது. "உருப்படியாகத் தேயிலை விலையைப் பற்றி எழுதலாமே" என்று இன்னொருவர். எழுதுவேன், இன்றைக்கு இது. "இங்கிலீஷ் வராதவனின் தாழ்வு மனப்பான்மை" என்று எழுதினவருக்கு மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஐயா, மலையாளி, கன்னடக்காரர், வெள்ளைக்காரர் என்று தினமும் ஒரு தேசத்தோடு இங்கிலீஷில் பேசித்தான் என் பெண்ணுக்கு அந்தப் பள்ளியில் ஃபீஸ் கட்டுகிறேன். இங்கிலீஷ் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் பெண்ணும் பக்கத்து வீட்டுப் படுகப் பிள்ளையும் வேனில் பாதி தமிழ், பாதி படுகு என்று பேசிக்கொண்டு வருவார்கள். விழாவுக்கு அடுத்த நாள் அந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லையாம். லோக்கலாகப் பேசக் கூடாதாம்.

எனக்கு ஏன் இவ்வளவு பொத்துக்கொண்டு வருகிறது என்று கேட்டால், எங்கள் கதை வேறு. எங்கள் தாத்தா இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964இல் அந்த ஊர்ப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், தலைமன்னாரில் கப்பல் ஏற்றி ராமேஸ்வரத்தில் இறக்கி, மண்டபம் முகாமில் வைத்து, பிறகு பந்தலூர் பக்கம் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவரை 'கள்ளத்தோணி'. இங்கே வந்த பிறகு 'சிலோன்காரன்'. அப்பா ரிட்டயர் ஆகும்வரை அவருக்கு அதுதான் பெயர், ரேஷன் கடையிலும் கூட. எந்த ஊரிலும் எங்களை யாரும் உள்ளூர்க்காரன் என்று சொன்னதில்லை. என் தலைமுறையில்தான் ஆர்சி புத்தகத்தில் டிஎன் 43 என்று விழுந்து, செக்போஸ்ட்டில் "லோக்கல் வண்டி, விடு" என்று சொல்லக் கேட்டேன். உங்களுக்கு அது சாதாரணம். எங்கள் வீட்டில் ரெண்டு தலைமுறை காத்திருந்து வாங்கின பட்டம் சார் அது. அதைப் போய் ஒரு மைக்கில் வசவாக்கி, அதற்குக் கைதட்டல் வேறு.

பள்ளிக்கூட லெட்டர்பேடில் பழைய நினைப்பில் ஊட்டியை இன்னும் 'ஊட்டகமண்ட்' என்றுதான் ஸ்டைலாக அச்சடிக்கிறார்கள். அந்த 'மண்ட்' என்பது இந்த மலைப் பழங்குடிகளான தோடர்களின் மந்து, அவர்கள் குடியிருப்பு. அதைவிட லோக்கல் இந்த மலையில் எதுவும் கிடையாது. முதலில் அதை அடித்துவிட்டு வந்து பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லட்டும்.

பிரின்ஸிபாலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மொட்டைக் கடுதாசி இல்லை. பெயர், வகுப்பு, போன் நம்பர் எல்லாம் போட்டுத்தான். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் நின்று கேட்கவும் போகிறேன். கூட வருகிறவர்கள் வரலாம், ஸ்டாண்டிலிருந்து வண்டி நான் எடுக்கிறேன். லோக்கல் ட்ரிப்தான், வாடகை வேண்டாம்.