பாஸ்வேர்டைப் போடு என்றால் போட்டுவிட வேண்டுமா?

இட்லிக் கடை அக்கா மகன் விஷயமாக வியாழக்கிழமை நான் போட்ட நாலு வரிப் பதிவுக்கு வந்த பின்னூட்டங்களை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். நடந்தது என்னவென்று இங்கே எல்லோருக்கும் தெரியும்: போனைத் திறந்து காட்டச் சொன்ன போலீசிடம் எதற்கு என்று கேட்டதற்காக அவனை அறைந்தார்கள். அந்த வீடியோவை மும்பைத் தாராவியில் பார்க்காத ஆள் இல்லை. ஆனால் "மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு, போனைக் காட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே" என்று நம் ஆட்களே எழுதியிருப்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

மடியில் கனம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அது என் மடி. அவிழ்த்துக் காட்டு என்கிறவர்தான் எதற்கென்று காரணம் சொல்ல வேண்டும்.

அந்தப் பையன் கேட்டது அதைத்தான். ராத்திரி ஷிப்ட் முடிந்து, பேக்கிங் வேலை செய்த கையோடு வருகிறான். நாகாபந்தியில், அதாவது போலீஸ் வழிமறித்துச் சோதனை போடுகிற இடத்தில், நிறுத்தினார்கள், நின்றான். பையைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தான். டிபன் டப்பா, துண்டு, ஐடி கார்டு. எல்லாம் பார்த்தாயிற்று. அப்புறம் போனைக் கேட்டு, பாஸ்வேர்டைப் போடு என்றார்கள். "கஷாலா சாஹேப்?" என்றான். எதற்கு ஐயா என்று ஒரே ஒரு கேள்வி, அதுவும் மரியாதையாக, அவர்கள் பாஷையான மராத்தியில். அதற்குத்தான் அறை விழுந்தது. வீடியோவில் அறை மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை அவன் என்னிடம் சொன்னான். போலீஸ்காரர் வாட்ஸப்பைத் திறந்து, கட்டை விரலால் தள்ளித் தள்ளி, அவன் தங்கையின் சடங்கு போட்டோக்கள் வரைக்கும் பார்த்தாராம். பக்கத்தில் நின்றவரும் எட்டிப் பார்த்தாராம். இதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் வக்கீல் இல்லை. கோட்டைப் பக்கம் ஒரு வக்கீல் ஆபீசில் பதினோரு வருஷமாக டைப் அடிக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அடித்த காகிதங்களைப் படிக்கிற பழக்கம் உண்டு. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை இதே அரசாங்கம்தான் கொண்டுவந்தது. அதில் 94ஆம் பிரிவு என்ன சொல்கிறது? விசாரணைக்கு ஒரு போன் வேண்டுமென்றால் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்தில் உத்தரவு கொடுக்க வேண்டும். 185ஆம் பிரிவின்படி வாரண்ட் இல்லாமல் தேட வேண்டுமென்றால் அதிகாரி முதலில் தன் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். எங்கே போனாலும் இந்த ஒரு வார்த்தைதான் வருகிறது, காரணம். அதைச் சொல்ல வேண்டிய கடமை போலீசுக்கு. இருபது வயதுப் பையனுக்கு இல்லை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். சொல்கிறேன். 1993 ஜனவரி. கலவரம், ஊரடங்கு. அப்பா தோல் பட்டறையில் வேலை. ஊரடங்கைத் தளர்த்திய இரண்டு மணி நேரத்தில் கூலி பாக்கி வாங்கப் போனவர், திரும்பி வரும்போது மாட்டிக்கொண்டார். மஞ்சள் பையில் தோல் சீவுகிற கத்தி இருந்தது. அவருக்குச் சோறு போடுகிற கத்தி. போலீசுக்கு அது ஆயுதம். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை, வழக்கு இல்லை, ஏன் பிடித்தோம், ஏன் விட்டோம் என்று ஒரு சொல் இல்லை. வந்தவர் எதுவும் பேசவில்லை. குளித்துவிட்டு அம்மாவிடம் ரேஷன் கார்டைக் கேட்டு வாங்கி, பால் கவரில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு டீ குடிக்கப் போனாலும் அது கூடவே போகும். சட்டை துவைக்கப் போடும்போது அம்மா முதலில் அந்தப் பையைத்தான் தடவிப் பார்ப்பாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. ரேஷன் கார்டு இல்லாமல் வெளியே போனால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றே ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

"குண்டு வெடித்த ஊர் இது, 26/11 மறந்து போச்சா" என்கிறீர்கள். 2008 நவம்பர் 26 தாக்குதலை நான் மறக்கவில்லை. நீங்கள்தான் பாதியை மறந்துவிட்டீர்கள். அன்றைக்குச் சுட்டுத் தள்ளியவர்களில் ஒருவனான கசாப் பிடிபட்டதும் ஒரு நாகாபந்தியில்தான், கிர்காவ் சௌபாட்டியில். அங்கே நின்றவர்களுக்கு வயர்லெஸ்ஸில் தகவல் வந்திருந்தது, வெள்ளி நிற ஸ்கோடா கார் என்று. அந்தக் காருக்காகக் காத்திருந்தார்கள். அங்கே நின்ற போலீஸ்காரர் துக்காராம் ஓம்ப்ளே கையில் லத்தி மட்டும்தான். துப்பாக்கிக் குழலைப் பிடித்தவர் சாகும்வரை விடவில்லை. அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். அவர்களிடம் காரணம் இருந்தது. இட்லிக் கடை அக்கா மகனை நிறுத்தியதற்கு அப்படி என்ன தகவல் வந்திருந்தது? அவன் முகமா, நடந்து வந்த திசையா? தங்கையின் சடங்கு போட்டோவில் எந்தக் குண்டைத் தேடினார்கள்?

போலீஸ்காரர்களுக்கு நீண்ட நேர டியூட்டி, லீவு கிடைப்பது கஷ்டம் என்பதெல்லாம் உண்மை. அதை அவர்கள் மேலதிகாரியிடம் கேட்கட்டும், நானும் கூட வந்து கேட்கிறேன். அதற்காக அறை வாங்க வேண்டியது இவனா?

"பிடிக்கவில்லை என்றால் ஊருக்குப் போ" என்று எழுதியவர் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். அதுதான் அதிகமாக வலிக்கிறது. எந்த ஊருக்கு? என் தாத்தா திருநெல்வேலியிலிருந்து வந்தவர், நான் இங்கே பிறந்தவன். சரி, போகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாத்தான்குளம் அந்தப் பக்கம்தானே இருக்கிறது? 2020 ஜூனில் செல்போன் கடை வைத்திருந்த தகப்பனும் மகனும் போலீஸ் கையில் என்ன ஆனார்கள் என்று உங்களுக்கும் தெரியும். ஊர் மாறினால் லத்தி மாறிவிடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2012இல் சிவசேனா தலைவர் பால் தாக்கரே இறந்தபோது ஊரை ஏன் மூட வேண்டும் என்று முகநூலில் கேட்ட பெண்ணையும், அதற்கு லைக் போட்ட பெண்ணையும் பால்கரில் கைது செய்தார்கள். லைக் போட்டதற்குக் கைது! அவர்கள் மேல் போட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவே செல்லாது என்று 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று 2021இல் அதே நீதிமன்றம் அதிர்ந்து போனது. செத்த சட்டத்தையே விடாதவர்கள் கையில், 2025 ஜூலையில் மகாராஷ்டிரா சட்டமன்றம் பொதுப் பாதுகாப்பு என்ற பெயரில் புதிதாக ஒன்றை நிறைவேற்றிக் கொடுத்திருக்கிறது. சட்டத்துக்கும் அதன் அமைப்புகளுக்கும் கீழ்ப்படியாமல் இருக்கத் தூண்டுவதும் அதில் குற்றம். தீவிரவாத அமைப்புகளுக்கு மட்டும்தான் என்கிறார்கள். வார்த்தை இவ்வளவு அகலமாக இருந்தால் நாளைக்கு யாரெல்லாம் அதற்குள் வருவார்கள்? "கஷாலா சாஹேப்" என்று கேட்பது கீழ்ப்படியாமையா? கேட்கச் சொல்லி நான் இங்கே எழுதுவது தூண்டுவதா? இந்தப் பயம் எனக்கு உண்மையாகவே இருக்கிறது. இருந்தும் எழுதுகிறேன். எதற்கு என்று கேளுங்கள். எத்தனை முறை நிறுத்தினாலும் கேளுங்கள்.

நேற்று அக்கா கடைக்குப் போயிருந்தேன். பையன் இப்போது வேலைக்குப் போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறானாம். விடிகாலை மூன்று மணிக்கு மாவு எடுக்க எழுந்திருக்கிறவள், அவன் எங்கே வந்துகொண்டிருக்கிறான் என்று கேட்க வழியில்லாமல், இட்லித் தட்டில் துணியை விரித்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு அனுப்ப ஒரு புகார் தயார் செய்கிறோம். அவன் சம்மதித்துவிட்டான், அக்காதான் இன்னும் யோசிக்கிறாள். மராத்தியில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர்கள், சாட்சியாகக் கையெழுத்துப் போடத் துணிந்தவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். ஞாயிறு சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன்.