ஸ்டாரை விடுங்கள், பில்லைப் பாருங்கள்

சென்னையில் புதிதாக ஒரு ஹோட்டலுக்குப் போகும் முன் எல்லோரும் போனில் ஸ்டார் பார்க்கிறார்கள். நான் பில் பார்க்கிறேன். கூகுள் மேப்பில் அந்தக் கடையின் படங்களைத் தள்ளிக்கொண்டே போனால், நெய் ரோஸ்ட்டுக்கும் குடும்ப செல்ஃபிக்கும் நடுவில் யாராவது ஒரு புண்ணியவான் பில்லைப் படம் எடுத்துப் போட்டிருப்பார். பெரும்பாலும் கோபத்தில்தான் போட்டிருப்பார். போகலாமா வேண்டாமா என்று நான் முடிவு செய்வது அதைப் பார்த்துத்தான்.

ஸ்டாரை ஏன் நம்புவதில்லை? எந்தக் கடையைத் தட்டினாலும் 4.1, 4.3 என்றே நிற்கிறது. காபி வந்த கையோடு கேப்டன் ஒரு க்யூஆர் அட்டையை நீட்டி, "சார், ஒரு ஃபைவ் ஸ்டார் போட்டுடுங்க" என்று பக்கத்திலேயே நிற்பார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று போட யாருக்கு மனசு வரும்? அதனால் தானாக மூன்று போடுகிறவர்களைத் தேடிப் படிக்கிறேன். அவர்கள் விவரமான ஆட்கள். சாம்பார் பரவாயில்லை, பைக் நிறுத்த இடமில்லை, எட்டு மணிக்கே வடை தீர்ந்துவிட்டது என்று உருப்படியாக எழுதுவார்கள்.

ருசியை இன்னொருவர் நாக்கை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. நேரத்தைத் தெரிந்துகொள்ளலாம். என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் சீனா பாய் கடையின் நெய்ப்பொடி இட்லி மாலைக்கு மேல்தான். பாரிமுனை பக்கம், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸும் பெரும்பாலும் சாயங்கால சமாச்சாரம். மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸில் இடம் கொஞ்சம், வெளியே காத்திருக்க வேண்டியிருக்கும். ரீல்ஸ் போடுகிறவர் "வேற லெவல்" என்று கண்ணை மூடித் தலையாட்டுவாரே தவிர, இதையெல்லாம் சொல்ல மாட்டார்.

சரி, பில்லுக்கு வருவோம். அதில் ஜிஎஸ்டி எண் என்று எண்ணும் எழுத்தும் கலந்து 15 இடத்தில் ஒன்று இருக்கும். 33 என்று ஆரம்பித்தால் தமிழ்நாட்டில் பதிவான கடை. இணையத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் எது என்று கேட்டால், சிரிக்காதீர்கள், ஜிஎஸ்டி தளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பக்கம். லாகின் தேவையில்லை. எண்ணைப் போட்டு, அங்கே காட்டும் கோணல் எழுத்துகளைத் தட்டினால் கடையின் பதிவுப் பெயர், பதிவு உயிரோடு இருக்கிறதா, ரெகுலரா காம்போசிஷனா என்று எல்லாம் வந்துவிடும்.

அந்தக் கடைசி விவரம்தான் முக்கியம். வருட விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் இருக்கும் சின்ன ஹோட்டல்கள் காம்போசிஷன் திட்டத்தில் சேரலாம். அப்படிச் சேர்ந்தவர்கள் 5 சதவீத வரியைத் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும், சாப்பிட வந்தவரிடம் தனியாக வாங்கக் கூடாது. பில்லிலேயே அதைச் சொல்லவும் வேண்டும். ஆனால் காம்போசிஷனில் இருந்துகொண்டு பில்லில் மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை என்று அழகாகப் பிரித்துப் போட்டு வசூலிக்கும் கடைகளும் உண்டு. எங்கள் ஏரியாவிலேயே ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம், பொங்கல் நன்றாகப் போடுவார்கள்.

ஏசி போட்டால் 18 சதவீதம் என்று இன்னமும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது 2017 நவம்பர் 15-ஆம் தேதியோடு போயிற்று. அதற்குப் பிறகு ஏசி இருந்தாலும் மின்விசிறி மட்டும் இருந்தாலும் சாதாரண ஹோட்டலுக்கு 5தான். அறை வாடகை எகிறும் நட்சத்திர ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்கள் வேறு கணக்கு. ஏசி ஹாலில் இட்லி விலையையே கூட்டி வைப்பது கடைக்காரர் இஷ்டம், அதற்கும் வரிக்கும் சம்பந்தமில்லை.

ஆப்பில் ஆர்டர் செய்தால் கதை மாறுகிறது. 2022 ஜனவரி 1 முதல் ஹோட்டல் சாப்பாட்டுக்கான வரியை ஸ்விக்கி, சொமேட்டோ மாதிரி தளங்களே கட்ட வேண்டும். கடை காம்போசிஷனாக இருந்தாலும், ஜிஎஸ்டி பதிவே இல்லாத சின்ன மெஸ்ஸாக இருந்தாலும் இதுதான். நடந்து போய்ச் சாப்பிட்டால் தனியாக வரி கேட்காத அதே இட்லி, ஆப் வழியாக வந்தால் 5 சதவீதத்தோடு வரும். அதோடு டெலிவரிக் கட்டணம், பிளாட்ஃபார்ம் கட்டணம், பேக்கிங். மழை நாளில் நானும் ஆர்டர் போடுகிறவன்தான். ஆனால் தெருமுனைக் கடைக்கு ஏன் ஆப் என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், யாரும் காதில் வாங்குவதில்லை.

என் கோபம் முழுக்க சர்வீஸ் சார்ஜ் மேல்தான். நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு உணவகத்தில் பில்லில் சத்தமில்லாமல் 10 சதவீதம் ஏறியிருந்தது. ஆயிரம் ரூபாய்க்குச் சாப்பிட்டால் நூறு ரூபாய் சர்வீஸ் சார்ஜ், அப்புறம் அந்த 1,100-க்கும் சேர்த்து வரி. ஆக 1,155. சர்வீஸ் சார்ஜ் இல்லாவிட்டால் 1,050. எடுத்துவிடச் சொன்னேன். மேனேஜர் ஒரு வார்த்தை பேசாமல் புது பில் அடித்துக் கொடுத்தார். ரொம்பப் பழகிய வேலை போல.

பில்லில் தானாக இதைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம்.

நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அது சர்வர்களுக்குப் போகிற காசுப்பா, அதைப் போய்ப் பிடுங்குறியே" என்றார். போகிறதா? பில்லில் எங்கேயும் அப்படி எழுதியிருக்கவில்லை. திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் இட்லி மூழ்க மூழ்க சாம்பார் ஊற்றுகிறவர் கையில் நேராக இருபது ரூபாய் கொடுத்தால் அது அவர் சட்டைப்பைக்குப் போவதை நானே பார்க்கிறேன். டிப்ஸ் கொடுப்பதை எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை. ஜிபே வந்த பிறகு பையில் சில்லறை இல்லை என்பது வேறு பிரச்சினை.

எல்லாவற்றிலும் கடைக்காரர்தான் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். உட்கார்ந்ததும் "ரெகுலர் வாட்டரா, பாட்டிலா?" என்று கேட்பார்கள். பாட்டில் என்று சொல்லிவிட்டு எம்ஆர்பிக்கு மேல் போட்டார்கள் என்று சண்டை போட முடியாது. ஹோட்டலில் அப்படி விற்கலாம் என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சத்தமாக "ரெகுலர்" என்று சொல்லப் பழகுங்கள், பக்கத்து டேபிள்காரர் திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை.

பில்லில் இன்னொரு எண்ணும் இருக்க வேண்டும், உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் எஃப்எஸ்எஸ்ஏஐ எண், 14 இலக்கம். 2022-லிருந்து இது கட்டாயம். 1-ல் ஆரம்பித்தால் லைசென்ஸ், 2 என்றால் சின்ன கடைகளுக்கான பதிவு. ஃபாஸ்காஸ் என்ற அரசுத் தளத்தில் இதையும் தேடலாம். பெரிய போர்டு வைத்த கடைகளின் எண்ணைத் தேடிப் பாருங்கள், சில நேரம் நல்ல பொழுதுபோக்கு.

உங்கள் ஏரியா கடைகளின் பில் இருந்தால் கமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். உங்கள் போன் நம்பரை மறைத்துவிட்டுப் போடுங்கள். இப்போது இட்லி வடைக்குக்கூட நம்பர் கேட்டு பில்லில் அடிக்கிறார்கள்.