“ராணுவத்துல இருந்தவனாம்” என்பது விளக்கம் ஆகாது

அமெரிக்காவில் யாராவது கூட்டத்தைப் பார்த்துச் சுட்டால் இரண்டு காரணங்கள் உடனே வந்துவிடும். ஒன்று, மனநிலை சரியில்லாதவன். இன்னொன்று, போருக்குப் போய் வந்தவன். இரண்டிலும் ஒரு வசதி உண்டு: பழி ஒரே ஆளோடு முடிந்துவிடும்.

1976-ல் டேன் ஆர்ச்சர், ரோஸ்மேரி கார்ட்னர் என்ற சமூகவியலாளர்கள் போருக்கு முன்னும் பின்னும் பல நாடுகளின் கொலை விகிதத்தை ஒப்பிட்டார்கள். போரிட்ட நாடுகளில் பெரும்பாலும் கொலை கூடியிருந்தது. தோற்ற விரக்தி என்று தள்ளிவிட முடியாது, ஜெயித்த நாடுகளிலும் கூடியது. வியட்நாம் காலத்து அமெரிக்காவில் கொலை விகிதம் ஏறத்தாழ இரட்டிப்பானது. கொலைக்குக் கைதானவர்களில் பெண்களும் கூடினார்கள், 45 வயதைத் தாண்டியவர்களும் கூடினார்கள். அவர்கள் எந்தக் காட்டில் சண்டை போட்டார்கள்? (அந்தப் பத்தாண்டில் வேறு காரணங்களும் இருந்தன, மறுக்கவில்லை.) கொல்வதற்கு அரசே பதக்கம் குத்தினால் அதை ஊரே பார்க்கிறது, சிப்பாய் மட்டுமல்ல என்பதுதான் அந்தச் சமூகவியலாளர்கள் வந்து சேர்ந்த இடம்.

1995 ஓக்லஹோமா குண்டுவெடிப்பில் 168 பேர் செத்தார்கள், அதில் 19 பேர் குழந்தைகள். குண்டு வைத்த டிமோதி மெக்வே வளைகுடாப் போரில் பதக்கம் வாங்கியவன்தான். ஆனால் கவனிக்க வேண்டியது அவன் வாயில் வந்த சொல். குழந்தைகளின் சாவை ‘கொலாட்டரல் டேமேஜ்’ என்றான், அதாவது குறி வைக்காமல் கூடவே நேர்ந்த சேதம். ராணுவச் செய்தியாளர் கூட்டங்களில் புழங்கி, டிவி வழியாக எல்லார் வீட்டுக்கும் வந்த சொல் அது. அதைக் கற்க யாரும் பட்டாளத்தில் சேர வேண்டியதில்லை.

சொல் இலவசமாக வந்தது, துப்பாக்கி விளம்பரத்தோடு வந்தது. கடையில் விற்கும் ஏஆர்-15 துப்பாக்கி, ராணுவ எம்-16-இன் உடன்பிறப்பு. ஏஆர்-15-இல் ஒரு முறை விசையை அழுத்தினால் ஒரு குண்டுதான், எம்-16 போலத் தொடர்ந்து சுடாது, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ரகத்தை விற்ற புஷ்மாஸ்டர் என்ற பிராண்டின் விளம்பரம் ஒன்று, இதை வாங்கினால் போன ஆண்மை திரும்பி வந்ததாக வைத்துக்கொள் என்றது. இன்னொன்று எதிரிப் படைகளை மண்டியிடச் சொன்னது. வாங்குகிறவன் சிவிலியன், அவனுக்கு ஏது எதிரிப் படை? 2012-ல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்றது அந்த ரகத் துப்பாக்கி. சுட்டவன் ஒருநாளும் ராணுவத்தில் இருந்ததில்லை. 2005 சட்டம் துப்பாக்கிக் கம்பெனிகளுக்குக் கவசமாக இருந்ததால், குடும்பங்களின் வக்கீல்கள் துப்பாக்கியை விட்டுவிட்டு விளம்பரத்தைப் பிடித்தார்கள். 2022-ல் 7.3 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

போலீஸ் கதை வேறு மாதிரி. 1033 என்ற அரசுத் திட்டத்தில் ராணுவத்தின் உபரிச் சாமான்கள், கண்ணிவெடி தாங்கும் வண்டிகள் உட்பட, உள்ளூர் போலீசுக்குப் போகின்றன. வாங்கியதை ஒரு வருடத்துக்குள் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அதில் விதி. வண்டி வந்துவிட்டால் அதற்கு வேலை தேடியாக வேண்டும். 2014-ல் ஏசிஎல்யூ என்ற குடியுரிமை அமைப்பு, போலீசின் ஸ்வாட் என்ற சிறப்பு ஆயுதப் படைகளின் 800-க்கும் மேற்பட்ட நடவடிக்கைகளை ஆராய்ந்தது. 79 சதவீதம் வீட்டுச் சோதனை வாரன்ட், அதிலும் பெரும்பாலும் போதைப்பொருளுக்காக. பணயக்கைதி, சுட்டுக்கொண்டிருப்பவன் என்று எந்த ஆபத்துகளைக் காட்டி இந்தப் படைகளை உருவாக்கினார்களோ, அதற்காகப் போனது 7 சதவீதம்.